யந்திரம் இருக்கிறது, ஆள் எங்கே?

மாங்கனித் திருவிழா முடிந்த மறுநாள் நடந்த சமாசாரம் இது. காரைக்காலில் மாடிகளிலிருந்து இறைத்த மாம்பழங்களில் நாலைந்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், பட்டினச்சேரியில் தன் வீட்டுக் கொல்லையில் அடுக்கியிருந்த செங்கல்லின் மேல் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தான். கொட்டையை எறிந்துவிட்டு எழுந்திருக்கும்போது கையைச் செங்கல் இடுக்கில் ஊன்றினான். அங்கே குடியிருந்த செந்தேள் கொட்டிவிட்டது.

பட்டினச்சேரி எங்கே இருக்கிறது என்று நேயர்களில் பலர் கேட்கக்கூடும். காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடலோரத்து மீனவர் கிராமம். காளமேகப் புலவர் கோபங்கொண்டு மண்மாரி பெய்யும்படி பாடினார் என்று கதை சொல்கிறார்களே, அந்தத் திருமலைராயன்பட்டினந்தான். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் இந்தக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று உறவு கொண்டாடி வரவேற்பார்கள். பெருமாளுக்கே பெண் கொடுத்த ஊர்க்காரர்கள் ஒரு தேளுக்குப் பயப்படுவார்களா? பயப்படவில்லை. வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார்கள். வலிக்கிறதென்று பையன் கத்தினான். தேள் கொட்டினால் வலிக்காமல் என்ன செய்யும் என்றாள் பாட்டி.

அரை மணிக்குள் அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அருகிலிருந்த ஒரு வைத்திய சாலையில் காட்டினார்கள். வலிக்கு ஊசி போட்டு, "ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை கூறி என்ன பயன்? தேள்கொட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்கு வலிக்கு மேல் ஒன்றும் வருவதில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் அன்று மாலை பையனின் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வாத்தியாரய்யா, புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது, கை காலெல்லாம் ஐஸ் மாதிரி இருக்குதே!" என்றாள். ஆனி மாதத்து வெயிலில் குழந்தையின் கால் ஐஸ் மாதிரி இருப்பதாவது! ஆட்டோ ஒன்றைப் பிடித்துக் காரைக்காலுக்கு ஓடினோம்.

அங்கே இருந்த இளம் டாக்டர் பையனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் சிவப்பதற்கு எத்தனை விநாடி ஆகிறதென்று வாய்க்குள் எண்ணினார். மார்பில் குழலை வைத்து வெகு நேரம் கேட்டார். பிறகு ஒரு சிறு மாத்திரையில் ஒரு பகுதியை விழுங்க வைத்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய் பொருத்தினார். அவ்வளவுதான். நரம்பில் உப்பு நீர் ஏற்றவில்லை. தாயாருக்கு மகா கோபம். "இம்மாம் வேர்வை போயிருக்கு, ஒரு பாட்டில்கூட ஏத்தாம விட்டுட்டாரே!" என்று என்னிடம் முறையிட்டாள். சத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன்: பி.ஏ. படித்து இருபது வருஷம் பாடம் நடத்திய நானும் அப்பொழுது அப்படித்தான் நினைத்தேன்.

பாட்டில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. செந்தேளின் விஷம் உடம்பிலுள்ள நரம்புகளைக் கிளப்பிவிட்டு, நாம் பயப்படும்போது ரத்தத்தில் கலக்கும் சத்துக்களை வெள்ளமாகப் பாய்ச்சுகிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. கை கால் குளிர்கின்றன. இறுகிய குழாய்களுக்கு எதிராக அடித்து அடித்து இருதயம் தளர்கிறது. தளர்ந்த இருதயத்தால் தள்ள முடியாத ரத்தம் பின்தங்கி, அதன் நீர் நுரையீரலுக்குள் கசிகிறது. குழந்தை தன் நுரையீரலுக்குள்ளேயே மூழ்குகிறது. அந்தச் சமயத்தில் மேலும் ஒரு பாட்டில் நீரை ஏற்றுவது, கரை உடையப் போகும் வாய்க்காலில் மதகைத் திறந்து விடுவது போலத்தான்.

இதைக் கண்டறிந்து மருந்து சொன்னவர் லண்டனிலோ பாரீஸிலோ இருந்தவரல்ல. மகாராஷ்டிரத்தில் கொங்கணக் கரையோரம், ராய்கட் ஜில்லாவின் கிராம வைத்திய சாலையில் வேலை பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். நல்ல திடகாத்திரமான குழந்தைகள் தேள் கொட்டி நுரையீரலில் நீர் கட்டி இறப்பதை இரவு பகலாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக் குறித்து வைத்து, 1982-ல் 'லான்ஸெட்' பத்திரிகைக்கு எழுதினார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரஸோஸின் என்ற மலிவான மாத்திரை இறுகிய குழாய்களைத் தளர்த்துமென்று கண்டு கொடுக்கலானார். முன்பு இப்படி ஆபத்தான நிலைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்தது போய், விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. 2022-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. நமது புதுச்சேரி ஜிப்மரின் டாக்டர் மகாதேவனும் குழந்தைகளுக்கு வரும் தேள்கொட்டைப் பற்றி 2000-ம் ஆண்டில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகையால் மாத்திரை இருந்தது, அதைப் பற்றிய எழுத்தும் இருந்தது. எங்கள் பையனின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அன்று முறையில் இருந்தார் என்பது மட்டுந்தான் அதிருஷ்டம்.

அன்றிரவே அவனைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். காரைக்கால் புதுச்சேரிப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் சொந்தத் தலைநகரத்துக்குப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தரங்கம்பாடி, சீர்காழி, கொள்ளிடம், சிதம்பரம், கடலூர் என்று 130 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து மறுபடி வெளியே வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போட்ட எல்லைக் கோடு மட்டும் நம்மிடம் இருக்கிறது. வண்டியில் பையனோடு ஒரு நர்ஸம்மாள் வந்தாள். வழி நெடுக அவள் கண் அவனுடைய மார்பை விட்டு அகலவில்லை. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி, மணிக்கட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் எழுதிக்கொண்டே வந்தாள். சிதம்பரத்தைத் தாண்டியதும் மூச்சு அதிகமாகவே, நீட்டிப் படுக்க வைத்திருந்தவனைச் சாய்த்து உட்கார வைத்துப் பிராணவாயுவைக் கூட்டினாள்.

மூன்று நாள் அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நான் கற்றதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரிய மனிதன் அல்ல. ஐந்து கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 400 மில்லி லிட்டர், அதாவது வீட்டு டம்ளரால் இரண்டு டம்ளர். நமக்கு ஒரு சிராய்ப்பில் போகும் ரத்தம் அதற்கு ஒரு விபத்து. மருந்து ஒவ்வொன்றையும் எடைக்குத் தகுந்தாற்போல் கணக்கிட வேண்டும். தசம ஸ்தானத்தில் புள்ளி ஒரு இடம் நகர்ந்தால் பத்து மடங்கு. (நாலாம் வகுப்பில் தசமப் புள்ளியை அலட்சியம் செய்யும் பிள்ளைகளிடம் இனி நான் இதைத்தான் சொல்லப் போகிறேன்.) எல்லாவற்றையும்விட முக்கியமானது, குழந்தை தன் கஷ்டத்தை மறைத்து வைத்திருக்கும். ரத்த ஓட்டம் குறைந்தால் இருதயத்தை வேகமாக அடித்து, தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தைக் கடைசி வரையில் சரியாகவே வைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கிவிட்டதென்று யந்திரம் காட்டும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். ஆகவேதான் அந்த டாக்டர் யந்திரத்தைப் பார்க்குமுன் காலைத் தொட்டார்.

இந்த வித்தை உலகத்திலேயே புதியது. 1952-ல் டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. தசைகள் செயலிழந்து மூச்சுவிட முடியாமல் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெரிய இரும்பு நுரையீரல் பெட்டியும், மார்பில் கட்டும் ஆறு சிறிய கருவிகளுந்தான். அவற்றில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரான பியோர்ன் இப்ஸன் என்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் 12 வயதுப் பெண் ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்று செலுத்தினார். பெண் பிழைத்தாள். ஆனால் எத்தனை பேருக்கு எத்தனை நாள் கையால் அமுக்குவது? சுமார் 1,500 வைத்திய மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் இரவும் பகலும் படுக்கை அருகில் உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சை என்பது அங்கே பிறந்தது. பிறக்கும்போது அதற்கு யந்திரம் கிடையாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பயிற்சி பெற்ற கையும், தூங்காத கண்ணுந்தான் இருந்தன.

குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு 1955-ல் ஸ்வீடன் தேசத்துக் கோதென்பர்க்கில் ஏற்பட்டது. அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்று தனிப் பரீட்சை 1987-ல்தான் வந்தது. நமது தேசத்தில் சண்டிகரிலுள்ள பி.ஜி.ஐ. ஸ்தாபனத்தில் டாக்டர் சுனித் சிங்கி போன்றவர்கள் இதற்கு வழி வகுத்தார்கள். அங்கும், டில்லி எய்ம்ஸ் முதலிய இடங்களிலும் டி.எம். என்ற உயர்ந்த பட்டம் அளிக்கிறார்கள். பட்டத்துக்கு வேண்டிய வருஷங்களைக் கூட்டிப் பார்த்தேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருஷம். குழந்தை மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருஷம். பிறகு மறுபடி அகில இந்தியப் பரீட்சை. அதில் தேறினால் டி.எம். இன்னும் மூன்று வருஷம். ஒரு பரீட்சையிலும் தவறாதவனுக்கே முப்பது வயது ஆகிவிடும். அதற்குள் அவனுடன் படித்தவன் கண் டாக்டராகவோ தோல் டாக்டராகவோ வீடு கட்டிக் குடிபுகுந்திருப்பான். இவனோ வெள்ளெலி மாதிரி ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டும். சிசுவின் நூல் போன்ற நரம்பில் ஊசி ஏற்றவும், நுனி விரல் பருமனுள்ள மூச்சுக்குழலில் குழாய் செருகவும், எப்போது அதை எடுப்பதென்று தீர்மானிக்கவும், சில சமயம் வெளியே காத்திருக்கும் தாய் தகப்பனிடம் போய் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லவும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை எந்தப் பரீட்சையில் எத்தனை மார்க்குக்குக் கேட்கிறார்களோ!

இவ்வளவு காலம் படிப்பானேன், புஸ்தகத்தில் போட்டிருப்பதைப் பார்த்துச் செய்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு உப்பு நீரின் கதையைச் சொல்லலாம். கிருமி ரத்தத்தில் கலந்து குழந்தை துவண்டு கிடந்தால் நரம்பில் வேகமாக நீர் ஏற்ற வேண்டும் என்பது புஸ்தகப் பாடம். சென்னை எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவை நடத்திய டாக்டர் இந்துமதி சந்தானமும் அவரைச் சேர்ந்தவர்களும், இப்படி வந்த 147 குழந்தைகளை இரண்டு பகுதியாக்கி, ஒரு பகுதிக்கு மிக வேகமாகவும் மற்றதற்குச் சற்று நிதானமாகவும் நீர் ஏற்றிப் பார்த்தார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வேகமாக ஏற்றியதால் அதிகம் பேர் பிழைக்கவில்லை. 2011-ல் ஆப்பிரிக்காவிலிருந்து இதைவிடத் திடுக்கிடும் செய்தி வந்தது. உகாண்டா, கென்யா, டான்ஸானியா தேசங்களில் ஜுரத்தோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளில், வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். ஏற்றாமல் மெதுவாகக் கவனிக்கப்பட்டவர்களில் இறந்தது ஏழு பேர் சொச்சந்தான். அந்த ஆஸ்பத்திரிகளில் செயற்கைச் சுவாச யந்திரம் முதலிய வசதிகள் இல்லை. பல குழந்தைகளுக்கு மலேரியாவும் இருந்தது. ஆகையால் அதை அப்படியே எழும்பூருக்கோ காரைக்காலுக்கோ பொருத்திவிட முடியாது. டெங்குக் காய்ச்சலில் ரத்தக் குழாய் கசியும் குழந்தைக்கு அதே உப்பு நீர்தான் உயிர். எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதைப் புஸ்தகம் பாதி சொல்லும். மீதியைக் குழந்தையின் கல்லீரல் வீங்குகிறதா, மூச்சு கூடுகிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு கதை. வங்காள தேசத்து ஸில்ஹெட்டில் 1996-ம் ஆண்டு, புதிதாகப் பயிற்சிக்கு வந்த டாக்டர் ஜுபாயர் சிஷ்டி தம் முதல் இரவு முறையிலேயே மூன்று குழந்தைகள் நிமோனியாவில் இறப்பதைப் பார்த்தார். ஏதாவது செய்தாக வேண்டும் என்று அன்றே மனத்தில் சங்கற்பம் செய்துகொண்டார். விலையுயர்ந்த சுவாச யந்திரத்துக்குத் தம் தேசத்தில் வழியில்லை. தண்ணீர் நிரம்பிய ஷாம்பூப் புட்டிக்குள் குழந்தையின் மூச்சுக் குழாயின் மறுமுனையை அமிழ்த்தினார். குழந்தை மூச்சை வெளியே விடும்போது காற்று குமிழியிட்டுக்கொண்டு வரவேண்டியிருப்பதால் சிறிது அழுத்தம் உண்டாகி, நுரையீரலின் சிற்றறைகள் மூடிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும். டாக்கா ஆஸ்பத்திரியில் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். சாதாரணமாகப் பிராணவாயு பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர் இறந்தார்கள். குமிழிப் புட்டி வைத்தவர்களில் 4 பேர். புட்டியின் விலையோ சில்லறைக் காசு! உலகமே கொண்டாடியது, நானும் கொண்டாடுகிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்தில் ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் குமிழி முறையைச் சோதித்தார்கள். டாக்டர் தினமும் வந்து பார்க்காத வார்டு அது. முடிவு 2019-ல் வந்தது. குமிழி வைத்த 323 குழந்தைகளில் 53 பேர் இறந்தார்கள். சாதாரணப் பிராணவாயு பெற்ற 321 பேரில் 35 பேர். சோதனையில் சேர்ந்தவர்களில் பலர் மெலிந்து நலிந்த குழந்தைகள். ஆகையால் டாக்காவோடு நேராக ஒப்பிடுவது நியாயமில்லை என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் டாக்காவில் புட்டியின் பக்கத்தில் சிஷ்டியும் அவர் பழக்கிய நர்ஸுகளும் இருந்தார்கள். மலாவியில் புட்டி மட்டும் போய்ச் சேர்ந்தது என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதன் வழிவந்ததாக 1956-ல் தன்வந்திரி வைத்தியக் கல்லூரியும், 1964-ல் ஜிப்மரும் ஏற்பட்டன. 2016-ல் ஜிப்மர் காரைக்காலிலும் கிளை வைத்து எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்தத் தொடங்கியது. எங்கள் கடற்கரைக்கு இது பெரிய பாக்கியம். திறப்பு விழாக்களில் கட்டடத்துக்கும் யந்திரத்துக்கும் ரிப்பன் கட்டி வெட்டுகிறோம். போட்டோவும் பத்திரிகையில் வருகிறது. ஒரு நர்ஸம்மாள் ஒரு வருஷம் தீவிர சிகிச்சை டிப்ளமா படித்து முடித்தாளென்றால் யாரும் ரிப்பன் கட்டுவதில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ் என்ற விகிதம் வேண்டும் என்கிறார்கள். பத்துக் கட்டில் போட்டால், மூன்று முறைக்கும் சேர்த்து முப்பது நர்ஸ். விடுமுறைக்கு மாற்று வேறு. கட்டில் வாங்குவதற்குமுன் இந்தப் பெருக்கல் கணக்கை யாராவது போட்டுப் பார்க்க வேண்டும்.

டி.எம். படித்தவர் பட்டினச்சேரிக்கு வந்து உட்காருவாரென்று நான் ஆசைப்படவில்லை. அவர் ஜில்லாவுக்கு ஒருவராவது கிடைத்தாலே பெரிது. நான் கேட்பது வேறு. குழந்தையின் முதல் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும் வித்தையை, பொம்மைகளை வைத்துக்கொண்டு இரண்டே நாளில் சொல்லிக் கொடுக்கும் வகுப்புகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு சிறு ஆஸ்பத்திரியின் டாக்டருக்கும், நர்ஸுக்கும், ஆம்புலன்ஸில் வரும் ஊழியருக்கும் கட்டாயமாக்க என்ன தடை? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி நடத்தவும் வேண்டும். நான் படித்த லாகரிதம் எனக்கு மறந்துபோன வேகத்தைப் பார்த்தால் இது அவசியமென்று தோன்றுகிறது. அந்த இரண்டு நாள் வகுப்பில் முதல் வைத்திய சாலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், எங்கள் பையன் மூன்று மணி நேரத்தை வீட்டுத் திண்ணையில் கழித்திருக்க மாட்டான்.

பையன் வந்துவிட்டான். பத்து நாள் கழித்து வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, தனக்கு எத்தனை குழாய் செருகினார்கள் என்று எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டிருக்கிறான். அவன் தகப்பனார் செங்கல் அடுக்கைக் கொல்லையிலிருந்து அப்புறப்படுத்தினார். அடியில் இன்னும் இரண்டு தேள் இருந்தனவாம்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸம்மாளிடம் கேட்டு, குழந்தையைத் தேள் கொட்டினால் எதைக் கண்டால் உடனே ஓட வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். நிற்காத வாந்தி, கொட்டும் வேர்வை, சில்லிட்ட கை கால், மேல்மூச்சு வாங்குதல், இருமல். பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிக்கூடக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வலைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பையனின் பாட்டி மட்டும், "வெங்காயத்தைப் பத்தி ஒண்ணும் எழுதலியே, வாத்தியாரய்யா?" என்று கேட்டாள். வெங்காயத்தை ஆட்டோவில் போகும்போது தேய்த்துக்கொள்ளலாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.